தாளிக்காத வீடு

நாற்பத்தொரு நாள்
எங்கள் பருப்பில் கடுகு இல்லை.

ருமேனியாவில் இருந்து வந்த வானில்
பதினெட்டுக் கூடுகள். கடைசிக் கூட்டில் இவள்.
தாளில் ஒரு எண்,
கீழே 'ஆண்களுக்குப் பயம்' என்றொரு குறிப்பு.
கறுத்த முதுகு, வெளிறிய வயிறு,
பாதித் தோல் கழன்ற உளுந்து மாதிரி.
அதையே பெயராக்கினோம்.
காப்பகத்து ஊல்றிக்க
நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு
'ஊலு' என்று எழுதிக்கொண்டா.

வூப்பெற்றாலில் எங்கள் யன்னலுக்கு நேரே
வீதிக்கு மேலால் தொங்கிக்கொண்டு போகும் ரயில்.
ஒவ்வொரு முறையும் அலமாரிக் கோப்பைகள்
ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.
இதற்குத்தான் பயப்படுவாள் என்று
யன்னலில் கம்பளி தொங்கவிட்டோம்.
அவள் காதைக்கூட அசைக்கவில்லை.

அன்று மாலை எண்ணெயில் கடுகு போட்டேன்.
முதல் வெடிக்குச்
செற்றிக்குக் கீழே போனவள்
மூன்று நாள் வெளியே வரவில்லை.
நாங்கள் படுத்த பிறகு
தண்ணீர் நக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.
விடிந்தால் ஒரு சிறுநீர்க் குளம்,
வாசற்கதவுக்கு மிக அருகில்.
முயன்றிருக்கிறாள்.

எவர், எங்கே, எதை வெடித்தார்கள்
என்று தாளில் இல்லை.

பார்க்காதே, கூப்பிடாதே, தொடாதே
என்றா ஊல்றிக்க.
சரி, செற்றிக்கு முதுகு காட்டி
நிலத்தில் இருந்துகொண்டு
வந்து கிடந்த கடிதங்களை
உரத்து வாசித்தேன், தமிழில் பெயர்த்து.
'மேலதிக மின்சாரத்துக்காக
நூற்றுப் பன்னிரண்டு யூரோவை
இம்மாதம் முப்பதாம் திகதிக்கு முன்னர்...'
ஆறாவது இரவு, அந்த இடத்தில்,
முழங்கையில் ஏதோ ஈரமாய்ப் பட்டது.
நான் திரும்பவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு யூரோவை
இன்னொரு தரம் வாசித்தேன்.

தவராசாவுக்கு அப்படி வாய்க்கவில்லை.
தொண்ணூறு கிலோ, போர்க்லிப்ட் ஓட்டுகிறவர்.
நிமிர்ந்து நின்றாலே அவளுக்கு நடுக்கம்.
வேலையால் வந்து
சப்பாத்தைக் கழற்றியதும்
முழங்காலில் விழுவார்,
நடை முழுக்கத் தவழ்ந்து
குளியலறைக்குப் போவார்.
ஒருநாள் அந்தக் கோலத்திலேயே
எட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.
ஏதும் தொலைத்துவிட்டீர்களா
என்று கேட்டான் பார்சல்காரன்.
ஓம், தேடுறன் என்றார்.

இதெல்லாம் ஒரு பருப்பா
என்று மட்டும் அடிக்கடி முணுமுணுப்பார்.
கோப்பையை வழித்துச் சாப்பிடுவார்.

ஐந்தாம் வாரம் தொடங்கினேன்.
மூடி போட்ட சட்டி. நாலு கடுகு.
நாலே நாலு.
அவள் தூர அறையில்.
ஒரு வெடிக்கு ஒரு துண்டு ஈரல்
வாசலால் எறிவேன்.
அடுத்த நாள் ஏழு.
ஒருநாள் அவசரத்தில் கை சரிந்து
அரைக் கரண்டி போய்விட்டது.
மறுபடியும் செற்றிக்குக் கீழே,
மறுபடியும் நாலில் இருந்து.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
மூடியில்லாமல் தாளித்தேன்.
கடுகு தெறித்தது, கறிவேப்பிலை சீறியது.
குசினி வாசலில் உளுந்து,
வாயில் இருந்து எச்சில் நூலாய் இறங்க,
சட்டியையே பார்த்துக்கொண்டு.
அவளுக்குப் பின்னால்
தவராசா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான்
மூன்று பேருக்கும் அது தெரிந்தது.

நாங்கள் தற்காலிக வீடு.
சோலிங்கனில் இருந்து வந்தவர்களுக்குத்
தோட்டமும் பதின்ம வயதில் ஒரு மகனும்.
காரில் தானாகவே ஏறினாள்.
திரும்பிப் பார்ப்பாள் என்று
வீதியோரம் நின்றோம்.
பார்க்கவில்லை.
அதற்குத்தானே பழக்கினீர்கள்
என்றா ஊல்றிக்க.
தவராசா நடையில் நேராய் நடந்துபோய்க்
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்று அந்தப் பெண் தொலைபேசினா.
நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்,
ஒன்று மட்டும் விளங்கவில்லை:
மகன் பாப்கார்ன் பொரிக்கும்போதெல்லாம்
எங்கே நின்றாலும் ஓடிவந்து
அடுப்படியில் இருந்துவிடுகிறாளே, ஏன்?

தாளிப்பதற்கு ஜேர்மனில்
எனக்கு ஒரு சொல் தெரியாது.
ஒரு துண்டு ஈரல் கொடுங்கள் என்றேன்.